குழல் மாறிய துப்பாக்கி

வேட்டைத் துப்பாக்கியின் உயிர்நிலை அதன் குழலே. குழலின் உட்சுவரிற் சுருளாக ஓடும் வரிப்பள்ளங்கள் குண்டைச் சுழற்றி நேர்வழிச் செலுத்துகின்றன. வெடிமருந்தின் வெப்பத்தால் அவை தேயும். பழைய தோட்டாக்கள் விட்டுச்செல்லும் உப்பினால் துருவேறும். இலங்கைத்துறை போன்ற கரையோர ஊர்களிற் கடற்காற்றும் அதற்குத் துணைபோகும். குறி தவறத் தொடங்கியதும், பழைய குழலைத் திருகிக் கழற்றிப் புதியதைப் பூட்டுவர். பூட்டிய பின்னரும் அது பாட்டனாரின் துப்பாக்கிதானா?

ஆம் என்பார் பேரர். கட்டையிற் பாட்டனாரின் கைபட்ட மெருகு இருக்கின்றதே! ஆயின் மானை வீழ்த்திய குழலோ மூலையிற் கிடக்கின்றது.

திருகோணமலைக்கு இவ்வினா புதிதன்று. 17ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பினர். இன்றைய பிரெட்ரிக் கோட்டையின் வாயிற்கல்லிற் பாண்டியரின் இணைக்கயலைக் காணலாம். 1950இற் கிணறு தோண்டியபோது பழைய திருமேனிகள் வெளிப்பட்டன. 1963இற் கோயில் மீண்டும் எழுந்தது. பழங்கற்கள் கோட்டையிலிருக்க, அடியார் கைகூப்புவது மலையுச்சிப் புதுக்கோயிலை நோக்கியே. கல்லன்று, வழிபாடே கோயிலைத் தொடரச் செய்தது.

இந்நியாயம் துப்பாக்கிக்கும் பொருந்துமெனின், பேரருக்கு அது சற்றுச் சங்கடமானதே. துப்பாக்கியின் தொழில் கொல்லுதல். புதுக்குழல் பூட்டுபவர் பாட்டனாரின் நினைவை மட்டுமன்றி, அவரது வேட்டையையும் தம்முடையதாக ஏற்கின்றார். நினைவு மாத்திரம் வேண்டுமாயின், சுவரில் மாட்டிவைக்கத் தேய்ந்த குழலே போதுமன்றோ?