முதலில் எங்கே வலிக்குது?

ஒரு ஒயர் சில சென்டிமீட்டர் குட்டையாகிப் போனால் எவ்வளவு நஷ்டம் வரும் என்று நினைக்கிறீர்கள்? ஐந்து ரூபாய்? பத்து ரூபாய்? ஏர்பஸ் கம்பெனியைக் கேட்டுப் பாருங்கள். 2006 அக்டோபரில் அதன் தாய் நிறுவனம் சொன்ன கணக்குப்படி, 2010 வரைக்கும் லாபத்தில் 480 கோடி யூரோ துண்டு விழுந்தது.

விமானம் ஏ-380. ரெண்டு மாடி. ஒரு விமானத்துக்குள் ஓடும் ஒயரின் மொத்த நீளம் சுமார் 530 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மதுரைக்கு இழுத்துக் கட்டினாலும் மிச்சம் இருக்கும். ஜெர்மனியில் ஹாம்பர்க்கிலிருந்து ஒயர் கட்டுகளோடு வந்த பாகங்களை பிரான்ஸின் துலூஸ் நகரத்தில் சேர்த்து மாட்டப் போனால்... எட்டவில்லை. ஹாம்பர்க்கிலிருந்து நூற்றுக்கணக்கான தொழிலாளிகள் துலூஸுக்கு வந்து தங்கி, கையாலேயே ஒயரைப் பிரித்து, மாற்றி, மறுபடி கட்டினார்கள். கம்ப்யூட்டரிலேயே பிறந்து வளர்ந்த விமானத்துக்குக் கடைசியில் எலெக்ட்ரீஷியன்தான் கை கொடுத்தார்.

காரணம்? ஜெர்மனிக்காரர்களும் ஸ்பெயின்காரர்களும் வரைந்தது ‘கேட்டியா’ மென்பொருளின் நாலாவது பதிப்பில். பிரெஞ்சுக்காரர்களும் பிரிட்டிஷாரும் ஐந்தாவது பதிப்பில். நாலுக்கும் அஞ்சுக்கும் ஒரு நம்பர்தானே வித்தியாசம் என்று தோன்றும். அப்படி இல்லை. ஐந்து என்பது அடியிலிருந்து புதிதாக எழுதப்பட்டது. இங்கிருந்து அங்கே படத்தை மாற்றும்போது சில விவரங்கள் வழியிலேயே உதிர்ந்துவிடும். போதாததற்கு எடையைக் குறைக்கச் செம்புக்குப் பதில் பல இடங்களில் அலுமினிய ஒயர். அலுமினியம் செம்பு மாதிரி வளைந்து கொடுக்காது, அகலமாகத்தான் வளையும்.

‘சாஃப்ட்வேர் கோளாறு’ என்றுதான் உலகம் எழுதியது. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது சந்தேகம். 2001 வரை ஏர்பஸ் என்பது நாலு நாட்டுக் கம்பெனிகள் சேர்ந்து நடத்திய ஒரு கூட்டமைப்பு. அந்த வருஷம்தான் சட்டப்படி ஒரே கம்பெனி ஆனார்கள். சட்டப்படி. ‘எல்லாரும் ஒரே பதிப்புக்கு வருவோம்’ என்று யாராவது சொல்லியிருந்தால், அடுத்த கேள்வி ‘யார் இறங்கி வருவது?’ என்பதாக இருந்திருக்கும். கூட்டுக் குடும்பத்தில் ரெண்டு அடுப்பு எரிகிற மாதிரி. அடுப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு அடுப்போடு நிற்காது என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் பேசுவதே இல்லை.

என் கணிப்பு இது: அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு மென்பொருள் இல்லை, ஒரு முடிவு. அதைத் தள்ளிப் போட்டதன் விலையை முடிவெடுக்க வேண்டியவர்கள் மட்டும் கொடுக்கவில்லை. பெரிய தலைகள் சில உருண்டன, உண்மைதான். ஆனால் 2007 பிப்ரவரியில் அறிவித்த சிக்கனத் திட்டத்தில் 10,000 வேலைகள் போகும் என்றார்கள். டாலர் வீழ்ச்சியும் அதற்கு ஒரு காரணம். ஏ-380 தாமதம் இன்னொரு காரணம். அந்தப் பத்தாயிரம் பேரில் எத்தனை பேர் ‘நாலா, அஞ்சா’ என்று கேட்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள்?

இந்தப் பழைய கதையை இப்போது எடுக்கக் காரணம் இருக்கிறது. பொறியியல் கம்பெனிகளில் ‘சிஸ்டம்ஸ் மாடலிங்’ என்று ஒன்று பரவலாகிவிட்டது. விஷயம் எளிமையானது. ஒரு விமானத்தையோ காரையோ ஆஸ்பத்திரி மெஷினையோ ஆயிரக்கணக்கான பக்க ஆவணங்களில் சிதறடிக்காமல், அதன் பாகங்கள், வேலைகள், நிபந்தனைகள், ஒன்றோடொன்று எப்படி இணைகின்றன என்பதையெல்லாம் ஒரே மாதிரிக்குள் கம்ப்யூட்டரில் கட்டி வைப்பது. பாட்டரியின் எடையை மாற்றினால் அது எங்கெங்கே இடிக்கும் என்று அதிலேயே தேடிப் பார்க்கலாம். இதற்காகவே ‘சிஸ்எம்எல்’ என்று ஒரு வரைபட மொழி 2007-ல் வந்தது.

நல்ல விஷயம். கிண்டல் பண்ணவில்லை. நாஸாவின் ஜேபிஎல் ஆய்வுக்கூடம் ‘யூரோப்பா கிளிப்பர்’ விண்கலத்துக்கு ஆரம்பத்திலேயே இதைப் பயன்படுத்தியது. எதற்கு? உலகத்தையே மாடல் பண்ண இல்லை. விண்கலத்தின் எடை எவ்வளவு, மின்சாரம் எவ்வளவு செலவாகும் என்ற பட்டியல்களைச் சரியாக வைத்துக்கொள்வது முக்கியமான ஒரு வேலை. வியாழன் வரை போகிற கலத்துக்கு ஒவ்வொரு கிலோவும் ஒவ்வொரு வாட்டும் தகராறு. அங்கே வலித்தது, அங்கே மருந்து போட்டார்கள். 2024 அக்டோபர் 14 அன்று கிளம்பிவிட்டது.

அதற்கு முன்னால் ஒரு சோதனையும் வந்தது. கலத்தில் பொருத்தியிருந்த டிரான்சிஸ்டர்கள் வியாழனின் கதிர்வீச்சைத் தாங்குமா என்று 2024 மே மாதம் சந்தேகம் கிளம்பி, மாதக்கணக்கில் சோதித்துத்தான் ‘தாங்கும்’ என்று விட்டார்கள். எவ்வளவு நல்ல மாடலாக இருந்தாலும், யாரும் அதற்குள் போடாத உண்மையை அது எப்படிச் சொல்லும்?

ஆக, வாங்குவதற்கு முன்னால் கம்பெனி தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியது: நமக்கு எங்கே வலிக்குது? வாடிக்கையாளர் நிபந்தனையை மாற்றியது கீழே இருக்கிறவனுக்கு மூணு மாசம் கழித்துத் தெரிகிறதா? ரெண்டு டீம் செய்த பெட்டிகள் மாட்டும்போது பொருந்தவில்லையா? ‘இது பாதுகாப்பானது’ என்று அரசாங்க அதிகாரிக்கு நிரூபிக்கத் திணறுகிறோமா? ஒவ்வொன்றுக்கும் வேறு மாதிரி மாடல். சிலதுக்கு மாடலே வேண்டாம். செவ்வாய்க்கிழமை காலையில் ரெண்டு நாற்காலியும் காபியும் போதும். செய்த மாடலை யார் படிப்பார்கள், யார் புதுப்பிப்பார்கள், எங்கே நிறுத்துவது என்பதையும் அப்போதே பேசிவிடணும். ஒரே நாளில் எல்லாரையும் அதற்குள் தள்ளாமல், சின்ன ப்ராஜெக்ட் ஒன்றில் போட்டுப் பார்த்தால் பாதி தெரிந்துவிடும்.

இவ்வளவு சுலபமான கேள்வியை ஏன் கேட்பதில்லை?

‘எங்கே வலிக்குது’ என்பதற்கு உண்மையான பதில் பெரும்பாலும் ஒரு ஆளைக் காட்டும். சில சமயம் கேட்கிறவரையே காட்டும். மென்பொருள் வாங்கினால் யாரும் குற்றவாளி ஆவதில்லை. நவீனமாகிவிட்டோம் என்று மேடையில் சொல்லிக்கொள்ளலாம். இது சோம்பேறித்தனம் மட்டும்தானா? எனக்கு இது ஒரு பொய்யாகவே படுகிறது. வாயால் சொல்லாமல் செக் எழுதிச் சொல்கிற பொய்.

நான் பி.காம். படித்தவன். கணக்குப் புத்தகத்தில் லைசென்ஸ் கட்டணத்துக்கு ஒரு வரி இருக்கும், பயிற்சிச் செலவுக்கு ஒரு வரி இருக்கும். யாரும் பார்க்காத படங்களை வரைய ஒரு இன்ஜினீயர் செலவழித்த சாயங்காலங்களை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை. அது சம்பளக் கணக்கோடு கரைந்துபோகும்.

அப்படிப்பட்ட ஒரு இன்ஜினீயரை எனக்குத் தெரியும். முப்பது வயசு இருக்கும். கம்பெனி பேர் வேண்டாம். மாடலிங் மென்பொருள் வந்த பிறகு வேலை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“முதல்ல எக்ஸெல்ல டிசைனை முடிச்சிடுவோம் சார். அப்புறம் அதைப் பார்த்து மாடல்ல படம் போடுவோம். ஆடிட்டுக்கு வர்றவங்க மாடல்லேர்ந்துதான் டிசைன் வந்திருக்குன்னு எழுதிட்டுப் போவாங்க.”

“தப்பா தோணலையா?”

“முதல் தடவை தோணிச்சு.”

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. வாங்குவதற்கு முன்னால் உங்களையெல்லாம் யாராவது கேட்டார்களா, என்ன கஷ்டம், என்ன வேணும் என்று?

“கேட்டாங்க சார். வாங்கின அப்புறம். அதுக்கும் அந்த சாஃப்ட்வேர்லயே ஒரு ஃபாரம் இருந்தது.”