கால் தூக்கும், கை பிடிக்கும்

செட்டிகுளத்தில் கரும்பேந்தி நிற்கும் தண்டாயுதபாணியைப் பார்க்க நாற்பது வயதுக்கு மேல் படியேறுகிறவருக்கு முதலில் தெரிவது சாமியல்ல, தன் தொந்தியின் எடை. மூச்சு வாங்கும், முழங்கால் முனகும். நகரத்து அரங்கில் செயற்கைச் சுவர் ஏறப் பழகுகிறவருக்கும் அதே கதைதான். (2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கிலேயே ஏறிவிட்ட விளையாட்டு அது.) புதியவர் கையால் உடம்பை இழுப்பார், சற்று நேரத்தில் முன்னங்கை கல்லாகி விரல் மடங்காது. பழகியவர் காலால் உந்துவார். கை வெறும் பிடிமானம். தளைநார் மாட்டிய நம்மூர்ப் பனையேறியின் காலுக்கு இது பழைய பாடம். உடம்பு இளைக்கட்டும், பிறகு ஏறலாம் என்பவரோ அடிவாரத்துக் கடையில் இன்னொரு டீ சொல்லிக்கொண்டிருக்கிறார்.