கையிருப்பில் இருந்தும் விற்காத சரக்கு

வாடிக்கைக்காரர் பணத்தோடு வந்து நிற்கிறார். சரக்கும் கையிருப்பில் இருக்கிறது. ஆயினும் "இனி இல்லை" என்று கைவிரிக்கும் வணிகனை நாம் என்னவென்று அழைப்போம்? பதுக்கல்காரன் என்போம். அரிசியைப் பொறுத்தமட்டில் அச்சொல் முற்றிலும் தகும். எல்லாச் சரக்குக்கும் தகுமா என்பதே நம் முன்னுள்ள கேள்வி.

ஆஸ்திரேலியாவின் கீழ்க்கரையிலிருந்து ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவில், நம் நாட்டின் புழுக்கமும் கடுங்குளிரும் இல்லாத கடற்பரப்பில், லார்டு ஹோவ் என்றொரு சிறு தீவு உண்டு. தென்கோடியில் 875 மீட்டர் உயர மலை. மேற்கே பவளப்பாறை காக்கும் அமைதியான கடல். சாலையில் மோட்டார் வண்டி 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டலாகாது. பெரும்பாலோர் சைக்கிளில்தான் செல்கிறார்கள். குடியிருப்போர் சுமார் 400 பேர். ஒரே சமயத்தில் தங்க அனுமதிக்கப்படும் பயணிகளும் 400 பேர்தாம். 401ஆவது மனிதர் எவ்வளவு பணம் நீட்டினாலும் இடமில்லை.

கணக்குத் தெரிந்த நமக்கு உடனே ஒரு ஐயம் எழும். சரக்கைக் குறைத்து விலையை ஏற்றும் பழைய தந்திரந்தானே இது? ஆம், விலை ஏறத்தான் செய்கிறது. வசதி படைத்தவரே அங்கு போக முடிகிறது. இந்தக் குறையை மழுப்புவது நேர்மையாகாது. ஆனால் அரிசியைப் பூட்டி வைத்தால் அயலான் வயிறு காயும். கடற்கரையில் கட்டிலைக் குறைத்தால் எவரும் பட்டினி கிடப்பதில்லை. மேலும் அரிசி விற்றுத் தீர்ந்தால் மறு கொள்முதல் உண்டு. தீவுக்கு அது கிடையாது.

இது வெறும் பேச்சன்று. 1918இல் மக்காம்போ என்ற நீராவிக் கப்பல் பாறையில் மோதி, பழுதுபார்க்கக் கரையேற்றப்பட்டது. நம்மைப் போன்றோரின் சரக்குக் கப்பல்தான். கெட்ட எண்ணம் எவருக்கும் இல்லை. அதிலிருந்து எலிகள் இறங்கின. சில ஆண்டுகளுக்குள், உலகில் வேறெங்கும் இல்லாத 5 பறவை இனங்கள் அழிந்தன. தீவாருக்குச் சோறு போட்ட வியாபாரமும் அடிபட்டது. ஐரோப்பிய மாளிகைக் கூடங்களை அலங்கரித்த கெந்தியா பனையின் விதையை ஏற்றுமதி செய்தே அவர்கள் பிழைத்து வந்தார்கள். அவ்விதையையும் எலி தின்றது. அந்த நட்டத்தை எந்தப் பேரேட்டில் யார் பற்று எழுதுவது?

அங்கே நிலத்தை விலைக்கு வாங்கவும் இயலாது. 1953ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலம் அரசினுடையது, தீவார் குத்தகைதாரர்களே. நம்மவர் மொழியில் சொன்னால் அமானிதப் பொருள். பிறர் ஒப்படைத்த பெட்டியை வைத்திருப்பவன், நல்ல விலை வருகிறதென்று அதைத் திறப்பானா?

காப்பதும் இலவசமாக நடப்பதில்லை. தீவின் பறக்காத காட்டுக்கோழி, பன்றிகளாலும் வேட்டையாலும் 1980 வாக்கில் சுமார் 30 என்ற அளவுக்குக் குன்றிவிட்டது. கூண்டில் வளர்த்துப் பெருக்கினார்கள். 2019இல் எலிகளை ஒழிக்கத் தீவெங்கும் நஞ்சிட்டபோது, கோழிகளில் பெரும்பாலானவற்றைப் பிடித்துப் பத்திரப்படுத்தினார்கள். நஞ்சு வேண்டாமென்று தீவாரிலேயே பலர் எதிர்த்தனர். பிள்ளைகள் ஓடியாடும் மண்ணில் நஞ்சு என்றால் அச்சம் இயல்பே. இன்று அக்கோழிகள் பல நூறாகப் பெருகி, வீட்டு முற்றங்களிலும் மேய்கின்றன. வாடகை தராத குடிகள். 400 என்ற அந்தக் கணக்கில் அவை சேர்த்தியில்லை.