பொறுமை என்றால் வாய் மூடி இருப்பதா?

"பொறுத்துக்கோ" என்ற சொல்லைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பெண் நம் நாட்டில் இருக்க மாட்டாள் என்றே நினைக்கிறேன். மாதவிலக்கு வலி என்றால் அம்மா சொல்வார், பாட்டியும் சொல்வார். "நாங்க எல்லாம் இதோட வேலைக்குப் போகலையா?" என்பார்கள். அது அன்பில் வரும் சொல்தான். ஆனால் அதே சொல் மருத்துவர் வாயிலிருந்து வந்தால்? பொறுத்துப் போவது தர்மமா, இல்லை "எனக்கு வலிக்குது, நம்புங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்வது தர்மமா? இந்தக் கேள்வி எனக்கு ஏட்டில் வந்தது அல்ல. எனக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறது.

கருப்பையின் உட்சுவரில் இருப்பது போன்ற திசு, கருப்பைக்கு வெளியே சினைப்பை, குடல் பக்கமெல்லாம் வளர்வதுதான் இந்த நோய். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பிள்ளை பெறும் வயதுள்ள பெண்களில் சுமார் 10 விழுக்காட்டினருக்கு இது உண்டு. நம் முகாமுக்கு 30 பெண்கள் வந்தால் அதில் மூன்று பேருக்கு இருக்கலாம். அப்படி இருந்தும், நோய் இதுதான் என்று தெரிய வருவதற்குப் பலருக்கு ஆண்டுக்கணக்கில் ஆகிவிடுகிறது.

எனக்கு வலி ஆரம்பித்தது படிவம் 4இல். நோயின் பெயர் தெரிந்தது பல்கலைக்கழக இரண்டாம் ஆண்டில். இடையில் பார்த்த மருத்துவர்களில் ஒருவர், "படிப்பு ஸ்ட்ரெஸ்மா, நல்லா தூங்கு" என்றார். இன்னொருவர் நான் உட்காருவதற்குள் "எம்.சி. வேணுமா?" என்று கேட்டார். மூன்றாமவர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "எல்லாம் நார்மல்தான். கல்யாணம் ஆகி ஒரு குழந்தை பிறந்தா சரியாயிடும்" என்றார். அப்போது எனக்கு வயது 18. குழந்தை பெறுவது இந்த நோய்க்கு மருந்து இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

நான் படிப்பது மின்னியல் பொறியியல். லேப்பில் மீட்டர் 0 காட்டினால் அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று, மின்சாரம் இல்லை. இன்னொன்று, மின்சாரம் இருக்கிறது, இந்த மீட்டரால் அதைப் பிடிக்க முடியவில்லை. எது என்று பார்க்காமல் கம்பியைத் தொடுகிறவன் ரொம்ப நாள் இன்ஜினியராக இருக்க மாட்டான். வயிற்றின் உள்சவ்வில் மேலாகப் படிந்த சின்னச் சின்னத் திட்டுகள் சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது. நோய் கொஞ்சமாக இருந்தும் வலி கடுமையாக இருக்கலாம். ஆக, ஸ்கேன் சொன்னது "எனக்குத் தெரியவில்லை" என்பது மட்டுமே. அதை "ஒன்றுமில்லை" என்று மாற்றிச் சொன்னது மனிதர்.

மருத்துவர்களைக் குறை சொல்வது சுலபம். அரசு கிளினிக்கில் காலையிலேயே எத்தனை பேர் நம்பர் எடுத்துக் காத்திருக்கிறார்கள் என்று நாமே பார்க்கிறோம். ஒருவருக்குச் சில நிமிடம்தான் கிடைக்கிறது. எல்லா நோயும் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. என் நோயைக் கண்டுபிடிக்க வழி காட்டிய நான்காவது மருத்துவரும், "எனக்கு உறுதியா தெரியலம்மா, ஆனா நீ சொல்றதைப் பார்த்தா ஸ்பெஷலிஸ்ட்கிட்ட அனுப்பணும்" என்றுதான் சொன்னார். அறியாமை குற்றம் இல்லை. அறியாமையை மறைக்க அடுத்தவர் வலியைப் பொய்யாக்குவதுதான் அநியாயம். 2020இல் சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் வலியின் வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் தனக்கு வலி என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்றும் குறிப்பில் சேர்த்தது.

சரி, "எல்லாம் கர்மா" என்கிறார்களே? கர்மாவை நானும் நம்புகிறேன். ஆனால் என் துன்பம் எங்கிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி. எதிரில் இருப்பவர் இப்போது என்ன செய்ய வேண்டும் என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கான பதிலை வைத்து இரண்டாவதிலிருந்து யாரும் தப்பிக்க முடியாது. அப்பரை நினைத்துப் பாருங்கள். சூலை நோயால் துடித்தவர், தமக்கை திலகவதியாரிடம் வந்தார். திருவதிகையில் அவர் பாடிய முதல் பதிகமே வலியைப் பற்றிய முறையீடுதான். குடலை முறுக்குகிறது, தாங்க முடியவில்லை என்று இறைவனிடமே சொல்கிறார். அதனால் அவர் பொறுமை இல்லாதவர் என்று யாராவது சொல்வோமா? வலியால் மனம் உடைந்து போகாமல் இருப்பதுதான் பொறுமை. வலியே இல்லை என்று நடிப்பது பொறுமை ஆகாது, அது பொய்.

சத்தியம் நமக்கும் பொருந்தும். அழுதால் "டிராமா" என்கிறார்கள், சிரித்தால் "நல்லாதானே இருக்கே" என்கிறார்கள். அதற்காகக் கூட்டிச் சொல்லவும் வேண்டாம், குறைத்துச் சொல்லவும் வேண்டாம். தேதி, நேரம், எத்தனை மாத்திரை, எந்த வகுப்புக்குப் போக முடியவில்லை என்று எழுதி வையுங்கள். குத்துது, கடுக்குது, எரியுது, சுண்டி இழுக்குது என்று தமிழில் எத்தனை சொல் இருக்கிறது! கிளினிக்கில் போய் எல்லாவற்றையும் ஒரே "சாக்கிட்" ஆக்கிவிடாதீர்கள். "ஒன்றுமில்லை" என்றால், "வேற என்னவா இருக்கலாம் டாக்டர்?" என்று மரியாதையோடு கேளுங்கள். ஸ்பெஷலிஸ்டுக்குக் கடிதம் கேளுங்கள். இன்னொரு மருத்துவரிடம் போவது அவமரியாதை இல்லை.

இன்று எனக்கு மாத்திரையால் வலி குறைந்திருக்கிறது, போகவில்லை. சில மாதம் இன்னும் தரையில் சுருண்டுதான் கிடக்கிறேன். பொறுக்கிறேன், சொல்லவும் செய்கிறேன்.

வலி இல்லாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. திருக்குறளில் மருந்து அதிகாரம் மருத்துவத்தை நான்காகப் பிரிக்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, கூட இருந்து கவனிப்பவர். முதல் மூன்றும் நம் கையில் இல்லாமல் போகலாம். நான்காமவராக நாம் எல்லாரும் இருக்கலாம். அடுத்த முறை உங்கள் தங்கையோ தோழியோ "வலிக்குது" என்றால், "பொறுத்துக்கோ" என்பதற்கு முன்னால் "எங்கே வலிக்குது, நானும் கிளினிக்குக்கு வரட்டுமா?" என்று கேளுங்கள்.