அரைமணி ஓய்வும் அறமும்



சென்ற பௌர்ணமிக் கூட்டம் முடிந்து யாவரும் கலைந்து சென்ற பின்னர், இளைஞர் ஒருவர் நம்மை அணுகினார். மும்பையில் பழைய ஆலைகள் இருந்த பரேல் பகுதியில் இன்று எழுந்து நிற்கும் அலுவலகங்களுள் ஒன்றில் அவர் பணி புரிகிறார். காலையில் தாராவியிலிருந்து புறப்பட்டால், வீடு திரும்ப இரவு ஒன்பது மணியாகும். அவர் வினவியது இது:

"ஐயா, மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை நண்பர்கள் ஐவர் சேர்ந்து இரண்டு நாள் மாதேரான் மலைக்குப் போய் வருகிறோம். நன்றாக உண்கிறோம், மனம் விட்டுச் சிரிக்கிறோம், திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பிவிடுகிறோம். இதற்கு என் தமையனார் கடிந்துகொள்கிறார். 'நம் மக்கள் இத்தனை பேர் துன்புறும்போது உனக்கு மலையும் விருந்துமா? அந்தப் பணத்தையும் நாளையும் சங்கத்திற்குக் கொடுக்கலாகாதா?' என்கிறார். நான் செய்வது தவறா?"

அன்றிரவே விடை கூற நமக்கு நா எழவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன்னர் அவர் வினவியிருந்தால், தமையனார் பக்கம் நின்றே பேசியிருப்போம். இன்று அவ்வாறு பேச இயலாமைக்குக் காரணம் உண்டு. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், ஓய்வு என்பது நமக்கு எவ்வாறு கிட்டியது என்பதை நோக்குவோம். பம்பாய் ஆலைகளில் ஒரு காலத்தில் கதிரவன் எழுந்தது முதல் மறையும் வரை வேலை. வார விடுமுறை என்பதற்கு உறுதியில்லை. 1884-ஆம் ஆண்டில், மகாத்மா ஜோதிபா பூலேயின் தோழரும் 'தீனபந்து' இதழின் ஆசிரியருமான நாராயண் மேகாஜி லோகண்டே அவர்கள் ஆலைத் தொழிலாளரைத் திரட்டிச் சில கோரிக்கைகளை முன்வைத்தார். ஞாயிறுதோறும் முழு ஓய்வு வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. நாள்தோறும் நண்பகலில் அரைமணி இடைவேளை வேண்டும் என்பது மற்றொன்று. 1890 ஏப்ரலில் கூடிய பெருங்கூட்டத்தில் பெண் தொழிலாளர் இருவரும் எழுந்து பேசினர். அவ்வாண்டு ஜூன் 10-ஆம் நாள் ஞாயிறு விடுமுறை கிட்டியது. மறு ஆண்டு வந்த தொழிற்சாலைச் சட்டம் வார விடுமுறையையும் நண்பகல் அரைமணியையும் விதியாக்கியது.

பின்னர், 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிருவாக சபையில் தொழில்துறை உறுப்பினராக இருந்த பாபாசாகேப் அம்பேத்கர் அவர்களின் காலத்தில், வார வேலை நேரத்தை 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைக்கும் திருத்தம் வந்தது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவிடாமல் வேலை வாங்கலாகாது, இடையே அரைமணியேனும் ஓய்வு தரவேண்டும் என வகுத்தது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் உணவுச்சாலை அமைக்கவும் வழி செய்தது.

சோம்பேறிகளா இவற்றைக் கேட்டவர்கள்? உழைத்து உழைத்துத் தேய்ந்தவர்கள் அல்லரோ! 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடந்தரும் திருத்தம் நிறைவேறி, எதிர்ப்பு எழுந்தபின் திரும்பப் பெறப்பட்டதையும் எண்ணிப் பாருங்கள். காவாது விடின் ஓய்வு கை நழுவிப் போகும். ஆகவே, ஓய்வையே குற்றமெனக் கூறுவோர் தம் முன்னோரின் போராட்டத்தையே குற்றமெனக் கூறுவோர் ஆவர்.

பகவான் புத்தர் காட்டிய வழியும் உடலை வதைக்கும் வழி அன்று. சோணர் என்னும் பிக்கு, பாதங்களில் குருதி கசியும் வரை நடந்து நடந்து தியானம் பயின்றார். பயன் காணாது சலிப்புற்றார். இல்லறத்தில் வீணை வாசித்தவர் அவர். நரம்பை மிக முறுக்கினாலும் இசை பிறவாது, மிகத் தளர்த்தினாலும் பிறவாது என்பதை அவர் வாயாலேயே சொல்ல வைத்து, முயற்சியும் அத்தகையதே எனப் பகவான் உணர்த்தினார். ஆலையில் வேலை செய்தவருக்கு இது எளிதில் விளங்கும். இயந்திரமும் எண்ணெயிட நிறுத்தப்படுகிறது, மனிதன் நிற்கலாகாதா?

எனினும், ஓய்வு நல்லது என்று மட்டும் கூறி முடித்துவிட்டால், அவ்விளைஞருக்குப் பாதி விடையே கூறியவர் ஆவோம். மற்றப் பாதியை நமக்கு ஆலையின் அரைமணி கற்பித்தது.

நாம் 1988-இல், பதினெட்டு வயதில், ஓர் ஆலையின் நூற்புப் பிரிவில் சேர்ந்தோம். பழைய நாட்களில் நம்மவருக்கு நெசவுப் பிரிவில் இடம் இருந்ததில்லை. நாடாவில் நூலை வாயால் உறிஞ்சிக் கோக்க வேண்டியிருந்ததால், தீண்டப்படாதவன் வாய் பட்ட நாடாவைத் தாம் தொடமாட்டோம் எனப் பிறர் மறுத்தனர். 1928-ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது பாபாசாகேப் இவ்விழிவைத் தொழிற்சங்கத் தலைவர்களின் முன் எடுத்துரைத்தார். நாம் சேர்ந்த காலத்தில் அத்தகைய தடை ஏதும் வெளிப்படையாக இல்லை. இயந்திரத்தின் முன் எல்லோரும் தோளோடு தோள் நின்றோம். எவன் இழை அறுந்தாலும் அருகிலிருப்பவன் ஒட்டினான். ஆனால் சங்கு ஊதியதும், எண்ணெயில் நீரைப் போல ஒவ்வொரு கூட்டமும் தனித்தனியே பிரிந்து அமரும். எவரும் எவரையும் விலகு என்று சொல்வதில்லை. சொல்லாமலே இடம் வகுக்கப்பட்டிருந்தது. நாம் பஞ்சுப் பொதிகளின் பின்னால் தனியே அமர்ந்து, வீட்டிலிருந்து கொணர்ந்த புளிச்சோற்றை உண்டு வந்தோம்.

நான்கு திங்கள் இவ்வாறு கழிந்தன. ஒரு நாள் மராட்டியப் பெரியவர் ஒருவர் தம் டப்பாவுடன் எழுந்து வந்து நம் அருகில் அமர்ந்தார். ஒரு சொல்லும் பேசவில்லை. தம் சோள ரொட்டியை இரண்டாகப் பிய்த்துப் பாதியை நம் டப்பாவில் வைத்தார். நம் புளிச்சோற்றில் ஒரு பிடி எடுத்து உண்டார். மறுநாளும் வந்தார். அவருடைய பழைய கூட்டத்தார் அவரோடு பேசுவதைக் குறைத்தனர். அவர் மகளின் திருமணத்திற்கும் சிலர் வரவில்லை எனப் பின்னர் அறிந்தோம். அவர் அதுபற்றி நம்மிடம் ஒருநாளும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. ஆலை மூடப்படும் வரை அந்த அரைமணியில் நாங்கள் சேர்ந்தே உண்டோம். காலப்போக்கில் எழுவர் ஆயினோம்.

இதிலிருந்து நாம் தெளிந்தது யாது? மனிதனை மனிதனுக்கு அருகில் நிறுத்துவது வேலை. ஆனால் அருகில் நிற்பது தோழமை ஆகாது. வேலையில் சேர்வது பிறர் கட்டளை. ஓய்வில் சேர்வதே நம் விருப்பம். எவரோடு அமர்ந்து உண்கிறோம், எவரோடு சிரிக்கிறோம் என்பதில்தான் சமத்துவம் உண்மையா பொய்யா என்பது புலப்படும். ஆகவே நண்பரோடு உண்ணும் விருந்தை வீண் எனத் தள்ளுவது அறியாமை. நல்ல நட்பு அறவாழ்வில் பாதி என்று ஆனந்தர் கூறியபோது, பாதி அன்று, முழுமையும் அதுவே எனப் பகவான் திருத்தியதை நாம் அறிவோம்.

இக்கதையை நாம் பிரசாரகராக ஆன பின்னர் எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறோம். கேட்டவர் கண்கலங்கியதுண்டு. ஆயினும் அக்கதையில் நாம் சொல்லாது விட்ட ஒருவர் உண்டு. ஆலை நாட்களில் அந்தப் புளிச்சோற்றை விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து ஆக்கியவர் நம் தாயார். திருமணத்திற்குப் பின் நம் மனைவியார். ஞாயிறுதோறும் பழைய ஆலைத் தோழர்களும் சங்க அன்பர்களுமாக ஐந்தாறு பேரை வீட்டிற்கு அழைத்து வருவோம். மீன் குழம்பும் சோறும் பரிமாறப்படும். பேச்சும் சிரிப்பும் மாலை வரை நீளும். சமத்துவம் பற்றி விரிவாகப் பேசுவோம். அவர் அடுக்களையில் நிற்பார். எல்லோரும் எழுந்த பின்னர், மிஞ்சியதை உண்பார்.

ஒரு ஞாயிறு மாலை, பாத்திரம் துலக்கிக்கொண்டே அவர் கேட்டார்: "ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு விடுமுறை, எனக்கு அன்றைக்குத்தானே இரட்டை வேலை?" கோபம் இல்லை, கேட்டுவிட்டு மீண்டும் பாத்திரத்தைத் துலக்கலானார். மேடையில் எவர் வினாவிற்கும் விடை வைத்திருந்த நாம், அன்று விடையின்றி நின்றோம். லோகண்டே அவர்கள் கேட்டுப் பெற்ற ஞாயிறு, நூறு ஆண்டுகள் கடந்தும் நம் அடுக்களைக்குள் நுழையவில்லை. அதை வாசலில் தடுத்து நின்றவர் நாமே.

இது நம் வீட்டின் குறை மட்டும் அன்று. ஊர் விட்டு வந்த ஆலைத் தொழிலாளருக்கு இந்நகரில் சோறிட்டவர்கள், வீட்டிலேயே சமைத்து விற்ற பெண்கள். வேலைமுறைகள் மாறி மாறி வர, அவர்கள் அடுப்பு அணைந்ததில்லை. 1975-இல் பிரேமா புராவ் அவர்கள் அன்னபூர்ணா மகளிர் மண்டலை நிறுவி அவர்களை ஒன்று திரட்டும் வரை, அவர்கள் உழைப்பை உழைப்பு என எண்ணியவர் சிலரே.

அன்றிரவு நமக்கு நினைவுக்கு வந்தது, கோசிங்க வனத்தில் வாழ்ந்த அனுருத்தர், நந்தியர், கிம்பிலர் என்னும் மூவரின் வரலாறு. பாலும் நீரும் கலந்தாற்போல அவர்கள் ஒன்றி வாழ்ந்தனர். எங்ஙனம் எனப் பகவான் வினவியபோது அவர்கள் பெரிய தத்துவம் எதுவும் கூறவில்லை. உணவு பெற்று முதலில் திரும்புபவர் இருக்கை இட்டு நீர் வைப்பார். இறுதியில் உண்பவர் இடத்தைத் துப்புரவு செய்வார். குடத்தில் நீர் குறைந்தது கண்டவர் நிரப்புவார் என்றே கூறினர். பலமுறை படித்த பகுதிதான், அன்றுதான் விளங்கிற்று.

அடுத்த ஞாயிறு முதல், வருவோர் யாவரும் ஒரு வேலை செய்வதென முடிவாயிற்று. ஒருவர் காய் நறுக்குவார். ஒருவர் சோறு வடிப்பார். பாத்திரம் துலக்குவது நம் பங்கு. முதல் நாள் குழம்பில் உப்பு மிகுந்துவிட்டது. ஓர் அன்பர் இதனை இழிவெனக் கருதி வருவதை நிறுத்திக்கொண்டார். ஆனால் நம் மனைவியார் முதன்முறையாக எங்களோடு ஒரே வரிசையில் அமர்ந்து உண்டார், பேச்சிலும் கலந்துகொண்டார். மராட்டியப் பெரியவர் நமக்குச் செய்ததை நம் வீட்டில் நாம் செய்ய இத்தனை ஆண்டுகள் ஆயின.

இனி அவ்விளைஞருக்கு வருவோம். தம்பி, நீர் மாதேரானுக்குச் செல்வது தவறன்று. செல்லும்போது மூன்றினை உம்மையே வினவிக்கொள்ளும்.

உம்மோடு உண்ணும் ஐவர் யார்? எல்லோரும் உம்மைப் போன்றவர்தாமா, அன்றிப் பொதிக்குப் பின்னால் தனியே அமர்ந்திருப்பவன் ஒருவனையும் அழைத்தீரா?

உம் ஓய்வை எவர் முதுகு சுமக்கிறது? மாதேரானில் மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லை. ஆகையால் நெடுங்காலம் மனிதரே மனிதரை ரிக்ஷாவில் வைத்து இழுத்தனர். இது மனித மாண்புக்கு முரணானது என்றும், ஆறு திங்களுக்குள் ஒழிக்கப்பட வேண்டும் என்றும் 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கூறியது. நீதிமன்றம் கூறும் வரை, மகிழ வந்தவர்களின் கண்ணில் அது படவில்லையா? நள்ளிரவில் உம் வாசலுக்கு உணவு கொண்டுவரும் இளைஞன் தான் உண்ணும் வேளை எது என்று ஒருநாளேனும் கேட்டதுண்டா? சிகாலன் என்னும் இல்லறத்தானுக்குப் பகவான் கூறிய அறவுரையில், வேலை வாங்குவோர் பணியாளருக்குச் செய்யவேண்டியவை ஐந்து. ஆற்றலுக்கேற்ற வேலை, உணவும் கூலியும், நோயில் பராமரிப்பு ஆகியவற்றோடு, சுவையான பண்டம் கிடைத்தால் பகிர்தல், உரிய காலத்தில் ஓய்வளித்தல் என்னும் இரண்டும் அதில் உள. நல்ல உணவும் ஓய்வும் நமக்கு மட்டும் உரியவை அல்ல என்பதற்கு இதனினும் தெளிவான சொல் வேண்டுமோ?

மூன்றாவது, திங்கட்கிழமை திரும்பி வரும் நீர் யார்? சென்றவரைவிட அன்புடையவராகத் திரும்பினால், அந்த இரண்டு நாளும் சங்கத்திற்குக் கொடுத்தவையே. அறிவு மயங்கி, கடன்பட்டு, சினத்தோடு திரும்பினால், அஃது ஓய்வன்று.

உம் தமையனாருக்கும் ஒரு சொல். ஐயா, தாங்கள் மக்கள் துன்பத்தை மறவாதிருப்பது பெருமைக்குரியது. ஆனால், துன்புறுவோருக்கு நாம் கேட்பது வேலையும் கூலியும் மட்டுமா? அவர்களும் ஒருநாள் நண்பரோடு அமர்ந்து, வயிறார உண்டு, கவலையின்றிச் சிரிக்க வேண்டும் என்பதற்காகவும் அன்றோ நாம் பாடுபடுகிறோம்! அடுத்த முறை தம்பியோடு தாங்களும் சென்று வாருங்கள்.

புறப்படும் நாள் காலையில், கட்டுச்சோற்றைத் தாயார் தலையில் சுமத்தாது, இருவரும் எழுந்து நீங்களே கட்டுங்கள். கட்டியதில் முதற்பங்கை அவருக்கு வைத்துவிட்டுப் புறப்படுங்கள்.