மண்ணுக்குக் கொடுத்த பட்டம்

நந்தி மலை அடிவாரத்து ஒயினைப் பற்றிப் பேசுகிறவர்கள் மண்ணிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். செம்மண், நீர் தேங்காத சரிவு, கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரம், பகல் வெயிலை அடுத்து இறங்கும் இரவுக் குளிர். இவை எல்லாம் சேர்ந்ததைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் டெர்வா என்கிறார்கள். பழத்தின் குணம் மண்ணின் குணம் என்பது அவர்கள் வாதம். கேட்க விவசாய விஷயம்போல இருக்கிறது. ஆனால் ஒன்றின் தன்மை அது பிறந்த இடத்திலேயே அடங்கியிருக்கிறதா என்பது சமயவாதிகள் நெடுங்காலம் மல்லுக்கட்டிய கேள்வி. 2007 வரை நந்தி மலையும் தங்கச் சுரங்க ஊரான கோலார் தங்க வயலும் ஒரே கோலார் மாவட்டத்தில் இருந்தன என்பதால், இரண்டையும் சேர்த்து வைத்தே அதற்கு விடை தேடலாம்.

முதலில் கொடியைப் பார்ப்போம். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற ‘பெங்களூர் ப்ளூ’ திராட்சை இந்த மண்ணில் தோன்றியதல்ல. அமெரிக்க லாப்ரஸ்கா இனத்தின் கலப்பில் பிறந்த இசபெல்லா ரகம் அது. ஒயின் தயாரிப்பாளர் கன்வல் குரோவர் 1988-இல் இங்கே நட்டதும் பிரெஞ்சு ரகங்களைத்தான். ஐரோப்பாவில் பனிக்காலம் வந்தால் கொடி இலையுதிர்த்துத் தூங்கிவிடும். இங்கே அந்தக் குளிர் கிடையாது. விட்டால் கொடி ஆண்டு முழுக்கப் பச்சையாகவே படரும். அதனால் கோடையில் ஒரு கவாத்து, மழை ஓயும் சமயத்தில் இன்னொரு கவாத்து, மாசி பங்குனியில் அறுவடை. முற்றிய கிளையை விரலால் தடவி, எத்தனை கண் விடுவது என்று பார்த்து வெட்டுகிறார்கள். கண்ணை அதிகம் விட்டால் குலை பெருகும், சாறு நீர்த்துப்போகும். இயற்கை கொடுக்காத பனிக்காலத்தை ஒரு கூலியாள் கத்தரியால் கொடுக்கிறார் என்றால், குணத்தை மண்ணின் கணக்கில் மட்டும் எழுதுவது எப்படி நியாயம்?

அதே ரகத்தை நாசிக்கில் நட்டால் சுவை வேறாகிறதே என்று கேட்கலாம். உண்மைதான். மண் ஒரு காரணம். ஆனால் அது குணத்துக்கு உடைமையாளர் அல்ல. எதுவும் தன்னில் தானாக நிற்பதில்லை, பலவற்றைச் சார்ந்தே தோன்றுகிறது என்பது பௌத்தம். மணிமேகலை அதைத் தமிழில் விரித்துச் சொல்லியிருக்கிறது. தமிழ் பௌத்தச் சிந்தனையாளர் அயோத்திதாசரின் இயக்கம் சென்னைக்கு வெளியே ஆழமாக வேரூன்றிய இடங்களில் ஒன்று இந்தத் தங்க வயல். அவருடைய நூல்கள் அங்குள்ள சாம்பியன் ரீஃபில் அச்சாகி வெளிவந்தன. (பஞ்சசீலம் கொண்ட அந்த இயக்கத்தார் ஒயினைத் தொட்டிருக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.) பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்று அவர்கள் வாதாடினார்கள். பிறந்த குலம் குணத்தைத் தீர்மானிக்காது என்றால், பிறந்த மண்ணும் தனியாகத் தீர்மானிக்காது. பிரெஞ்சுச் சட்டம் மனித உழைப்பையும் டெர்வாவில் சேர்த்திருக்கிறதே என்பது அடுத்த ஆட்சேபம். ஏட்டில் சேர்த்திருக்கிறது, புகழுரையில் மட்டும் மண்ணே நிற்கிறது. மண் கூலி கேட்பதில்லை, அது ஒரு வசதி.

இந்த வாதம் திராட்சையோடு முடிந்தால் பெரிய நஷ்டமில்லை. மனிதர்களிடம் வரும்போதுதான் அது கடிக்கிறது. தங்க வயலில் 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கம் தொடங்கியதிலிருந்து வட ஆற்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள், பெரும்பாலும் தலித்துகள், இங்கே இறங்கினார்கள். பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போய்ப் பாறையை உடைத்தார்கள். நுரையீரலில் தூசி சேர்ந்து செத்தவர்கள் பலர். ‘மண்ணின் மைந்தர்’ பேச்சு எழும்போது அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்னமும் வெளியூர்க்காரர்கள். அமெரிக்கக் கொடிக்கு ஊர்ப்பெயரும் அரசுச் சான்றிதழும் கிடைத்துவிட்டன. பழத்தையும் மனிதரையும் ஒப்பிடலாமா என்றால், கூடாதுதான். ஆனால் பழத்துக்குக் காட்டிய தாராளத்தை மனிதருக்கு மறுப்பதற்கு அது காரணமாகாது. ஓர் இடத்துக்கு உரியவராவது அங்கே உழைத்து, சார்ந்து வாழ்ந்து வருவது. பிறந்த மண்ணிலிருந்து ஊறுவதல்ல. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மலைகளுக்கு நடுவே அந்தக் குடும்பங்கள் இன்றும் அங்கேயே இருக்கின்றன. ஆயிரக்கணக்கானவர்கள் தினமும் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள்.