புலியோடு வாழ்தல்: இடரைச் சுமப்போர் யார்?

முன்னுரை

புலியை மதித்தலும் வேட்டையாடுதலும் முரணானவை என்று நகர மனம் கருதுகிறது. இக்கருத்தை மறுஆய்வு செய்து, கொடுவிலங்கோடு வாழ்வதன் இடரை யார் ஏற்பது அறம் என்பதைப் புணே மாவட்டச் சிறுத்தைச் சிக்கலின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

சங்கச் சான்று

புறநானூறு 190ஆம் பாடலில் சோழன் நல்லுருத்திரன், இடப்பக்கம் வீழ்ந்த பன்றியை உண்ணாத புலியை உயர்ந்தோர்க்கு உவமையாக்குகிறான். அந்நூலின் 19ஆம் பாடலிலோ, புலியைப் பிடிக்க வேட்டுவன் அமைத்த கற்பொறியாகிய அடார் உவமையாகிறது. மதிப்பும் வேட்டையும் ஒரே பண்பாட்டில் இணைந்திருந்தன என்பதற்கு இவை சான்றாகும். அடார் வைத்தவன் புலி உலவும் நிலத்திலேயே வாழ்ந்தவன் என்பது இங்கு நோக்கத்தக்கது.

ஜுன்னர் தரும் பாடம்

இக்கட்டுரையாளர் வாழும் போபோடி, முளா ஆற்றங்கரையில் அமைந்த புணே நகரப் பகுதி. இம்மாவட்டத்தின் வடபால் உள்ள ஜுன்னர் வட்டாரத்தில் அணைப்பாசனத்தால் கரும்பு பரவியது. அடர்ந்த கரும்புத் தோட்டம் சிறுத்தைக்கு மறைவிடமாயிற்று. அங்கேயே அது குட்டி ஈனுகிறது. எனவே, 'காட்டிலிருந்து வழிதவறி வந்த விலங்கு' என்னும் கூற்று முழுமையானதன்று.

வித்யா ஆத்ரேயா குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1993 முதல் 2001 வரை ஜுன்னரில் ஆண்டுக்குச் சராசரியாக 4 தாக்குதல்களே மனிதர்மீது நிகழ்ந்தன. பின்னர் பல சிறுத்தைகள் பிடிக்கப்பட்டு வேறு காடுகளில் விடப்பட்டன. 2001–2003 காலத்தில் அச்சராசரி 17ஆக உயர்ந்தது. தீங்கை அகற்றும் நோக்கில் செய்த செயலே தீங்கைப் பெருக்கியது எனலாம். நல்லெண்ணம் மட்டுமே அறமாகிவிடாது. விளைவை அறிதலும் அறத்தின் கூறேயாகும்.

வாகோபா வழிபாடு

மகாராட்டிரத்தின் வார்லி முதலிய மக்கள் 'வாகோபா' என்னும் புலித்தெய்வத்தை வணங்குகின்றனர். மராத்தியில் 'வாக்' என்னும் சொல் புலி, சிறுத்தை இரண்டையும் சுட்டும். இவ்வழிபாட்டை வெறும் விலங்கு நேயமாகக் கொள்ளலாகாது. படையல் தந்து காவல் வேண்டும் உடன்பாடு அது. அச்சத்தை மறைக்காத உறவு என்பதே அதன் சிறப்பு.

அறச்சிக்கல்

1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் சிறுத்தை வேட்டையைத் தடுக்கிறது. மனித உயிருக்கு ஆபத்தாகும் விலங்கைக் கொல்ல ஆணையிடும் உரிமையைத் தலைமை வனவுயிர்க் காப்பாளரிடம் அளிக்கிறது. 2025ஆம் ஆண்டின் இறுதியில் இம்மாவட்டத்துச் சிரூர் வட்டத்தில் சிறுவர் உட்படச் சிலர் உயிரிழந்தனர். சிறுத்தை ஒன்று சுட்டுக் கொல்லப்பட்டது. 'கொல்லலாமா?' என்னும் வினா மீண்டும் எழுந்தது. அதற்கு முன் கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு: சிறுத்தை வாழவேண்டும் என விரும்புவோர் யார், அதன் விலையைக் கொடுப்போர் யார்?

போபோடியில் தேநீரில் இடும் சர்க்கரைக்கும் அக்கரும்புக்கும் தொடர்புண்டு. ஆயினும் அறுவடைக் காலத்தில் குழந்தைகளுடன் வயலோரக் குடிசையில் உறங்குபவர் இடம்பெயர்ந்து வந்த கரும்பு வெட்டும் தொழிலாளரே. கதவற்ற குடிசையில் இருப்பவரிடம் பொறுமையைப் போதிக்கும் உரிமை கதவடைத்து உறங்குவோர்க்கு இல்லை.

முடிவுரை

உடன்வாழ்தலை அன்பின் பெயரால் மட்டும் நிறுவ இயலாது. இடரை நேர்மையாகப் பகிர்ந்துகொள்வதே அதன் அடிப்படை. பாதுகாப்பான உறைவிடம், விளக்கொளி, கழிப்பறை, உறுதியான தொழுவம், காலந்தாழ்த்தாத இழப்பீடு ஆகியவற்றைத் தொழிலாளர்க்கும் உழவர்க்கும் உறுதிசெய்த சமூகமே சிறுத்தையைக் கொல்லாதீர் என்று சொல்லும் தகுதியைப் பெறும். அவற்றைச் செய்யாது கூறும் கருணை, பிறர் உயிரைப் பணயம் வைத்த கருணையேயாகும்.